முதலாளி கையெழுத்து

கமலம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சமயபுரத்துக்கு நடந்தது பக்தியால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவளுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. அதற்காகத்தான் நடந்தாள்.

அவள் புருஷன் பக்கிரி, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பதினோரு வருஷம் கல் அரைத்தவன். வெள்ளைக் கல்லை மில்லில் கொட்டி, மாவாக்கி, சலித்து மூட்டை பிடிக்கிற வேலை. சாயங்காலம் தெருவில் திரும்பும்போது தலை, புருவம், இமை எல்லாம் வெளுத்திருக்கும். தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்த மாவு நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருக்கிறது என்பது தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதம்தான் தெரிந்தது. கடலூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கே வேலை?" என்றுதான் முதலில் கேட்டார். வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் மெட்ராஸில் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும், மூச்சு விட மிஷின் இருக்கிறது, மருந்தும் அவர்களே கொடுப்பார்கள் என்றார். கடிதம் இல்லாவிட்டால் என்ன என்று கமலம் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கம்பெனி வாசலுக்கு அவள் ஏழு தடவை போனாள். ஏழு தடவையும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். பக்கிரியைப் போன்றவர்கள் மேஸ்திரி கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள். ரிஜிஸ்டரில் அவர்கள் பெயர் ஏறுவதில்லை. "பேரே இல்லாதவனுக்கு என்னம்மா கடுதாசி? மொதலாளி சொல்லிட்டாரு, வுடக் கூடாதுன்னு" என்றான் வாட்ச்மேன். முதலாளியின் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைத் தாண்டிப் போயிற்று. அதற்குள் பக்கிரியால் படுத்துத் தூங்க முடியாமல் போய்விட்டது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவான். ஒரு வாய் கஞ்சிக்கு மூன்று தடவை மூச்சு வாங்கினான்.

கமலத்துக்கு வேறொரு சின்ன ஷெட்டில் பொம்மை சுரண்டுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் நிற்கிற பிசிறைக் கத்தியால் வழித்து, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிற ஆராயிதான் வழி சொன்னாள். அவள் வருஷம் தவறாமல் மாசியில் சமயபுரத்துக்கு நடக்கிறவள்.

"செந்துறைக்கு அந்தாண்ட ஒரு புளியந்தோப்பு. உன் வூட்டுக்காரரோட மொதலாளி அங்கதான் பொண்ணு கட்டியிருக்காரு. வருஷா வருஷம் பந்தல் போட்டு, நடந்து போறவங்களுக்குச் சோறு போடுவாரு. அவரே காலு கழுவி, பொட்டு வெச்சு, வுழுந்து கும்புடுவாரு. மஞ்ச சீல கட்டினவ அங்க எது கேட்டாலும் இல்லன்னு சொல்றதில்ல. போன வருஷம் ஒருத்திக்கு அருள் வந்து, 'உன் தோள்ல கெடக்குறதக் குடுடா'ன்னா. சரிகைத் துண்ட அப்படியே அவுத்துக் குடுத்துட்டாரு."

ஊரில் கார்க் கண்ணாடியை இறக்காத மனுஷன் அங்கே காலில் விழுகிறானாம். கமலம் கத்தியைக் கீழே வைத்தாள். மறுநாள் காலையில் காப்புக் கட்டிக்கொண்டாள்.

பக்கிரியை நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டபோது அவன், "ஆத்தாளுக்கு வேண்டிகிட்டியா?" என்று கேட்டான். "ஆமாய்யா" என்று பொய் சொன்னாள்.

நாற்பத்தி இரண்டு பேர். முன்னால் கொடி, அதன் பின்னால் அம்மன் படம் வைத்து வேப்பிலை கட்டிய தள்ளுவண்டி, குருசாமியாக விருத்தகிரி என்கிற அரிசிக்கடைக்காரர். முதல் நாள் கருவேப்பிலங்குறிச்சியில் நீர்மோர் கொடுத்தார்கள், பானகம் கொடுத்தார்கள். கரும்பு வெட்டு நடக்கிற காலம். பெண்ணாடம் ஆலைக்குப் போகிற டிராக்டர்காரர்கள் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு கழி உருவித் தந்துவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் பெயர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. வெயிலில் குடத்தோடு நின்ற பெண்கள் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக் கால் சுடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்ணாடத்தில் சாயங்காலம் கமலத்தின் இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டது. தங்கின இடத்துக்கு எதிர்வீட்டுப் பெரியம்மாள் என்கிறவள் தானாக வந்து பார்த்தாள். வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினாள். முன்பின் பார்த்திராதவள். கமலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு தடவை அந்தக் கேட்டில் நின்றாளே, ஒரு நாய் 'உட்காரு' என்று சொன்னதா?

"எதுக்கு அழுவுற? என்னா வேண்டுதல?" என்றாள் பெரியம்மாள்.

"வூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது."

"ஆத்தா பாத்துக்குவா. எம் மருமவளுக்கு ஒரு புள்ள குடுக்கச் சொல்லிட்டு வா தாயே, அது போதும்."

அந்த வார்த்தை கமலத்தைக் குத்தியது. இந்த மஞ்சள் புடவையை நம்பித்தான் இவள் காலைப் பிடித்திருக்கிறாள். புடவைக்குள் இருப்பவளோ கடிதத்துக்கு நடக்கிறவள். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் செய்வதில் நம் ஜனங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊரும் பேரும் தெரிந்த பிறகுதான் தகராறெல்லாம்.

மறுநாள் வெள்ளாற்றைத் தாண்டி நடந்தபோது ஆராயி கூடவே வந்து காதில் ஓதிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குப் பந்தல்ல சும்மா கேக்காதடி. ரெண்டு சுத்து சுத்தி, தலைய விரிச்சுப் போட்டுக் கேளு. பயந்துகிட்டுக் குடுத்துடுவாரு."

"வேணாம் ஆராயி. வராத ஆத்தாள வந்தான்னு சொல்லிக் கேட்டு, அது எங்க வூட்டுக்காரரு மூச்சுல போயி வுடிஞ்சா? நான் நானாவே கேக்குறேன்."

"நீ நீயா கேட்டா எவன் குடுப்பான்?"

ஆராயி சொன்னது சரி. அப்போது கமலத்துக்குப் புரியவில்லை. காலைத் தொட்டுக் கும்பிடுகிறவன், கண்ணைப் பார்த்துக் கேட்டால் மறுக்க மாட்டான் என்று நினைத்தாள். என்ன கேட்க வேண்டும் என்பதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் முன்மதியம் புளியந்தோப்பு வந்தது. பெரிய பந்தல், மைக் செட், வரிசையாக அண்டாக்கள். முதலாளி சட்டையில்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகைக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தார். ஒவ்வொருவராகப் பலகையில் நிற்க வேண்டும். அவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, நெற்றி பாதத்தில் படும்படி விழுந்து எழுவார். எழுந்ததும் அடுத்த கால். முகத்தை அவர் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார்.

கமலம் பலகையில் ஏறினாள். அவர் குனிந்து கழுவினார். கொப்பளம் உடைந்த இடத்தில் கை பட்டதும் நிறுத்தினார்.

"ஐயோ, ஆத்தா காலு இப்படி ஆயிருக்குதே! யாருடா அங்க, வெண்ணெ கொண்டாங்கடா" என்று கத்தினார். வெண்ணெயை வாங்கித் தன் கையாலேயே, நோகாமல், விரல் இடுக்கெல்லாம் தடவினார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. சந்தனம் வைத்தார், விழுந்தார்.

"ஐயா" என்றாள் கமலம். "நான் பக்கிரி பொண்டாட்டிங்க. உங்க கம்பெனில கல்லு அரைச்ச பக்கிரி. பதினோரு வருஷம். அவருக்கு நெஞ்செல்லாம் கல்லு மாவுங்க. அவரு உங்ககிட்ட வேலை பாத்தாருன்னு ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரில சேத்துக்குவாங்க."

முதலாளி முதல் முறையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். வெண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கிரி?"

"மில்லுல நிப்பாருங்க. இடது கையில ஒரு வெரலு இருக்காது. உங்க மில்லுலதான் போச்சு."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முகம் மூடிக்கொண்டது. "காப்புக் கட்டிகிட்டு வந்த இடத்துல கம்பெனி விஷயம் பேசக் கூடாதும்மா. கம்பெனில வந்து பேசு."

"அங்க வுட மாட்டேங்கிறாங்களேங்க."

"ஆத்தாகிட்ட போயிகிட்டு இருக்க, அவகிட்ட சொல்லு. நான் யாரு குடுக்க? அடுத்த சாமி வாங்க" என்று பலகையில் இருந்த தண்ணீரைக் கையால் தள்ளிவிட்டார். கவனித்தீர்களா? ஆத்தா என்று கும்பிட்ட காலைப் பத்து வார்த்தைக்குள் அம்மா ஆக்கி இறக்கிவிட்டார்.

கமலம் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள். பிறகு என்ன ஆயிற்று என்பது அவளுக்கே கோவையாகத் தெரியாது. மூன்று நாள் வெயில், வெறும் வயிறு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற பக்கிரி. திரும்பிப் பாய்ந்து அவர் இடுப்புத் துண்டைப் பற்றிக்கொண்டாள். "பொய் சொல்றியேடா! பதினோரு வருஷம்டா! எழுதிக் குடுடா!" என்று அலறினாள். கொண்டை அவிழ்ந்தது. உடம்பு உதறி உதறிப் போட்டது. கோபம்தான், கோபத்தைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

பின்னால் நின்ற ஆராயிக்கு ஒரே சந்தோஷம். தான் சொன்னபடிதான் இவள் செய்கிறாள் என்று நினைத்து, வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். உடனே மற்றப் பெண்களும் போட்டார்கள். பம்பைக்காரன் அடிக்க ஆரம்பித்தான். "ஆத்தா வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

"ஆத்தா இல்ல, நான்தான் கேக்குறேன்!" என்று கமலம் கத்தினாள். பம்பைச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. கையில் எலுமிச்சம் பழத்தைத் திணித்தார்கள், வேப்பிலையைத் திணித்தார்கள். முதலாளி நெடுஞ்சாண்கிடையாக, மார்பெல்லாம் மண் ஒட்ட, அவள் காலில் விழுந்து கிடந்தார்.

"என்னா கொறை ஆத்தா? சொல்லு ஆத்தா!"

"எழுதிக் குடுடா!"

"குடுக்குறேன் ஆத்தா! நீ கேட்டு இல்லன்னு சொல்லுவனா!"

ஆத்தாளை உடம்பை விட்டு மலையேறச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை அவள் நாக்கில் வைத்தார்கள். நாக்கு சுட்டதில் கமலத்துக்குத் தலை சுற்றியது. கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆத்தாள் மலையேறிவிட்டதாக எல்லோரும் கும்பிட்டார்கள்.

கண்ணைத் திறந்தபோது முதலாளி காரிலிருந்து கம்பெனி பெயர் அச்சடித்த லெட்டர் பேடை எடுத்துவரச் சொல்லி, மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நிஜமாகவே எழுதினார். எழுதியதைக் குருசாமி விருத்தகிரியிடம் கொடுக்க, அவர் மைக்கிலேயே படித்தார்.

"சமயபுரம் தாயே! விருத்தாசலம் பக்கிரி என்பவர் என் கம்பெனியில் பதினோரு வருஷம் கல் அரைத்தார். அந்த வேலையால் அவருக்கு நெஞ்சு நோய் வந்தது. அவரைக் குணப்படுத்த வேண்டியது உன் பொறுப்பு. இப்படிக்கு உன் பிள்ளை." கீழே முழுப் பெயர், கையெழுத்து, தேதி.

மேலே யாருக்கு எழுதியிருந்தால் என்ன? இதைத்தான் டாக்டர் கேட்டார். கமலம் கையை நீட்டினாள். விருத்தகிரி காகிதத்தை நாலாக மடித்து, மஞ்சள் துணியில் முடிந்து, அவள் முந்தானையில் கட்டிவிட்டார்.

"பத்திரம். உண்டியல்ல நீதான் போடணும்."

"ஐயா, இது ஆஸ்பத்திரிக்கு…"

"ஆத்தா கேட்டு வாங்கின பிராதும்மா இது. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவும்?"

இவர் எந்த ஊர்க்காரர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். விருத்தாசலத்துக்காரர்கள் ஒரு குறையைக் காகிதத்தில் எழுதினால் அது போகிற இடம் ஒன்றுதான். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதாகக் கட்டிவிட்டு வருவார்கள். கட்டினதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறவன் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. சாமிக்கு எழுதியது சாமிக்குத்தான். நாற்பத்தி இரண்டு பேருக்கும் இதில் சந்தேகமே இல்லை. முதலாளிக்கும் அது தெரியும். பயந்து எழுதினாரா, திரும்பி வராது என்று கணக்குப் பண்ணி எழுதினாரா என்று கேட்டால், இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தனம் அப்பின நெற்றிக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கும்.

மறுநாள் காலையில் அரியலூரில் ரயில் ஸ்டேஷனைத் தாண்டினபோது கமலம் ஒரு முடிவுக்கு வந்தாள். இங்கே வண்டி ஏறினால் மதியச் சோற்றுக்கு முன்னால் வீட்டில் இருக்கலாம். நாளைக்கே மெட்ராஸ். ரோட்டோரம் உட்கார்ந்து, "என்னால நடக்க முடியல. நீங்க போங்க, நான் ரயிலேறி வூட்டுக்குப் போறேன்" என்றாள்.

"ஆத்தா எறங்கின ஒடம்ப நடுரோட்டுல வுட்டுட்டுப் போவமா?" என்றார் விருத்தகிரி.

நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். அம்மன் படத்துக்குப் பக்கத்தில், வேப்பிலைக்கு நடுவில், தள்ளுவண்டியில் உட்கார வைத்தார்கள். அரியலூர்க் கடைக்காரர் ஒருவர் குடை கொடுத்தார், அதை ஆராயி பிடித்துக்கொண்டு வந்தாள். ஆண்கள் முறை வைத்துத் தள்ளினார்கள். வழியில் எவனோ ஒருத்தன், பிறகு கேட்டால் பெயர்கூடத் தெரியாது, மூன்று மைல் தள்ளிவிட்டு, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அவ்வளவு நல்லவர்கள். அவர்களில் ஒருத்தன் கெட்டவனாக இருந்திருந்தால்கூட அவள் தப்பித்துப் போயிருப்பாள்.

அவளுக்குள்ளும் ஒரு பயம் புகுந்துகொண்டது. நிஜமாகவே ஆத்தாள்தான் வந்தாளோ? பதினோரு வருஷம் கார்க் கண்ணாடி இறங்கவில்லை; ஒரு கத்தலில் மண்ணில் கிடந்தாரே, அது என் கத்தலுக்கா? ஆத்தாள் வாங்கித் தந்ததை ஆத்தாளிடமிருந்தே திருடிக்கொண்டு ஓடினால், அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன ஆகும்? முந்தானை முடிச்சைப் பிடித்த பிடியாகவே இரண்டு நாள் வண்டியில் இருந்தாள். லால்குடி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஐந்தாம் நாள் கோயில். உண்டியலுக்கு முன்னால் கூட்டம் வழி விட்டது. பின்னால் நாற்பத்தி ஒரு பேரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. ஆராயி அவிழ்த்துக் கொடுத்தாள். காகிதத்தை உண்டியல் வாயில் வைத்தபடி கமலம் கொஞ்ச நேரம் நின்றாள். அப்படியே கையை இழுத்துக்கொள்ளலாம். ஒருத்தரும் அடித்துவிட மாட்டார்கள்.

"போடு தாயே" என்றார் யாரோ, அன்பாக.

விட்டுவிட்டாள். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு லேசான காகிதம். பெரியம்மாளின் மருமகளுக்குப் பிள்ளை கேட்டாள். அது மட்டும் மறக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் மஞ்சள் புடவையைப் பார்த்ததும் ஜன்னலோரத்தில் இருந்தவனை எழுப்பிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். வேப்பூரில் இறங்கி விருத்தாசலம் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைக்காரர் கூப்பிட்டு டீ கொடுத்து, காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாக்கில் கற்பூரம் சுட்ட புண் இருந்ததால் டீயைக் குடிக்க முடியவில்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பக்கிரி அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஐந்து நாளில் கழுத்து எலும்பு இன்னும் மேலே வந்திருந்தது. நாத்தனார் எழுந்து வெளியே போனாள். கமலம் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுதல் இல்லை, கடிதத்துக்காகத்தான் போனேன் என்று முதலிலிருந்து சொன்னாள். அவன் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"மொதலாளியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னா சொன்னாரு?"

"எங்கால்ல வுழுந்தாருய்யா. ரெண்டு தரம் வுழுந்தாரு."

பக்கிரி சிரிக்கப் பார்த்தான். அது இருமலாகி, அடங்க நேரமாயிற்று. கமலம் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.

"கடுதாசி?"

"எழுதிக் குடுத்தாரு. நீ பதினோரு வருஷம் கல்லு அரைச்சேன்னு, அதாலதான் ஒடம்பு கெட்டுச்சுன்னு, எல்லாத்தயும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. மைக்குல படிச்சாங்க."

அவன் முகம் தெளிந்தது. பல மாசமாக அவள் பார்க்காத முகம் அது. உள்ளங்கையை விரித்து நீட்டினான், நாலு விரல் கை.

"ஆத்தா உண்டியல்ல போட்டுட்டேன்யா" என்றாள் கமலம். "ஆத்தாளுக்குன்னு எழுதினதாம். எல்லாரும் சொன்னாங்க."

அவன் திட்டவில்லை. திட்டுவதற்கு மூச்சும் இல்லை. நீட்டின கையை மடக்காமலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாக, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"ஆத்தாளுக்கு எதுக்குடி அது? அவளுக்கா மூச்சு முட்டுது?"